ஸ்கில்டு ஒர்க்கர் விசா மறுப்பு: 80 பவுண்டு மனுவும் ஒன்றரை லட்சம் ஏஜென்ட்டும்

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. கோவையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறீர்கள். பர்மிங்காமில் உள்ள ஒரு சிறிய நிறுவனம் ஸ்பான்சர் செய்து, யுகேயின் வேலை விசாவான ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு விண்ணப்பித்தீர்கள். மறுத்துவிட்டார்கள். கடிதத்தில் இரண்டு காரணங்கள். ஒன்று, வங்கியில் தேவையான தொகை 28 நாள் தொடர்ந்து இருந்ததாகக் காட்டவில்லை. இரண்டு, உங்களுக்குத் தரப்பட்ட வேலை உண்மையிலேயே அந்த வேலைதானா என்ற சந்தேகம். ஏஜென்ட் ‘அப்பீல் போடலாம், கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார். ஜெயிக்குமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்குத்தான் முதலில் விடை வேண்டும்: தவறு செய்தது அதிகாரியா, இல்லை உங்கள் விண்ணப்பத்திலேயே ஓட்டை இருந்ததா? அதிகாரி தவறியிருந்தால் போராடலாம். விண்ணப்பத்தில் ஓட்டை என்றால் போராடுவது வீண், சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நான் லண்டனில் பல ஆண்டுகளாக இந்த மாதிரி கோப்புகளைப் பார்த்து வருபவன். உங்கள் கடிதத்தையும் நீங்கள் கொடுத்த ஆவணங்களையும் பார்க்கவில்லை என்பதால், உங்கள் வழக்கு எந்தப் பக்கம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே கண்டுபிடிக்கும் அளவுக்குச் சொல்லிவிட முடியும்.

ஏஜென்ட் சொல்லும் ‘அப்பீல்’ என்று ஒன்று உங்களுக்கு இல்லை. வேலை விசா மறுக்கப்பட்டவர் நீதிபதி முன் போய் வாதாடும் உரிமை யுகேயில் இப்போது கிடையாது. 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு, மனித உரிமைக் கோரிக்கை, அகதிப் பாதுகாப்பு போன்ற சில வகைகளுக்கு மட்டுமே தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு மிஞ்சியிருக்கிறது. உங்களுக்கு இருப்பது ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ’. ஹோம் ஆஃபீஸின், அதாவது யுகே உள்துறை அமைச்சகத்தின், முடிவை அதே ஹோம் ஆஃபீஸில் வேறொரு அதிகாரி சரிபார்ப்பது, அவ்வளவுதான். விசாரணை கிடையாது, நேரில் அழைக்க மாட்டார்கள். கட்டணம் 80 பவுண்டு, நம் பணத்தில் ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய் வரும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 28 நாள் அவகாசம். ஆன்லைனில் நீங்களே போடலாம். முடிவு உங்கள் பக்கம் வந்தால் அந்த 80 பவுண்டையும் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இந்த மனுவில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புதிய ஆவணங்களைப் பார்க்க மாட்டார்கள். போலி ஆவணம், ஏமாற்று என்ற குற்றச்சாட்டு போன்ற மிகச் சில காரணங்களுக்குத்தான் விதிவிலக்கு. மற்றபடி, முதல் அதிகாரியின் மேஜையில் அன்று என்ன இருந்ததோ அதை வைத்து அவர் விதியைச் சரியாகப் பயன்படுத்தினாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ‘இப்போது புது பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கிவிட்டேன், சேர்த்து அனுப்பலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

சரி, உங்கள் முதல் காரணத்துக்கு வருவோம். விதி எளிமையானது: 1,270 பவுண்டு, விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். 27 நாள் போதுமான தொகை இருந்து, ஒரே ஒரு நாள் இஎம்ஐ பிடித்ததில் அளவுக்குக் கீழே போயிருந்தாலும் தோல்விதான். ரூபாய்க் கணக்கை பவுண்டுக்கு மாற்ற ஓயாண்டா இணையதளத்தின் விகிதத்தைப் பயன்படுத்துவார்கள், அதனால் விளிம்பில் தொகை வைத்தவர்கள் விகிதம் ஆடும்போது மாட்டிக்கொள்வார்கள். உங்கள் இருப்பு நிஜமாகவே ஒரு நாள் குறைந்திருந்தால் ரிவ்யூ போடாதீர்கள். அதிகாரி விதிப்படிதான் செய்திருக்கிறார். ஸ்டேட்மென்ட்டில் ஒரு பக்கம் விடுபட்டதால் 28 நாள் காட்டவில்லை என்றால் கொஞ்சம் வேறு விஷயம். விடுபட்டதைக் கேட்டு வாங்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை நம்பி மட்டும் மனுப் போடுவது பலவீனமான வாதம்.

ஆனால் இங்கே நீங்கள் சொல்லாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். உங்கள் சிஓஎஸ்ஸை, அதாவது ஸ்பான்சர் கொடுத்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை, முழுதாகப் படித்தீர்களா? பெரும்பாலானவர்கள் அதன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தில் போட்டுவிடுகிறார்கள். ஹோம் ஆஃபீஸிடம் ஏ ரேட்டிங் என்ற முழு மதிப்பீடு பெற்றுள்ள ஸ்பான்சர், முதல் மாதச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாக அந்தச் சான்றிதழிலேயே உறுதி தரலாம். அந்த உறுதி இருந்தால் நீங்கள் வங்கிக் கணக்கையே காட்டத் தேவையில்லை. அது சிஓஎஸ்ஸில் இருந்தும் அதிகாரி வங்கிக் கணக்கைக் காரணம் காட்டி மறுத்திருந்தால், இது அப்பட்டமான அலுவலகத் தவறு. ரிவ்யூவில் நிமிர்ந்து நிற்கக்கூடிய வாதம் இது. நிறுவனத்தின் எச்ஆர் ஆளிடம் சிஓஎஸ்ஸின் பிடிஎஃப்பை முழுதாக அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம்தான் கனமானது. ஸ்பான்சர் உங்களுக்கு ஒரு நான்கு இலக்கத் தொழில் கோட் கொடுத்திருப்பார்; சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு அது 2134. அந்த வேலை உண்மையில் இல்லை, வெறும் கண்துடைப்பு, அல்லது உங்களுக்கு விசா வாங்கித் தருவதற்காகவே உருவாக்கியது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அதிகாரி மறுக்கலாம். வேலை உண்மையாக இருந்து கோட் மட்டும் தவறு என்றாலும் மறுக்கலாம். உதாரணத்துக்கு, சிஓஎஸ்ஸில் 2134 என்று போட்டு, கீழே வேலை விவரத்தில் ‘வாடிக்கையாளர் போன் அழைப்புகளைக் கவனித்தல், பாஸ்வேர்டு ரீசெட், பிரிண்டர் பிரச்சினை’ என்று எழுதியிருந்தால் அது ஐடி சப்போர்ட் வேலை. அதற்கு 3132 என்று தனிக் கோட் இருக்கிறது, திறன் நிலை குறைவு, சம்பள வரம்பும் வேறு. சின்ன நிறுவனங்களில் ஒரே ஆள் இரண்டையும் செய்வார் என்பது நமக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, எழுதியிருப்பதைத்தான் படிப்பார்.

ஆகவே மறுப்புக் கடிதத்தில் அந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். சந்தேகத்துக்கு எதை ஆதாரமாகச் சொல்கிறார்கள்? சிஓஎஸ்ஸில் உள்ள வேலை விவரத்தையா, நிறுவனத்தின் அளவையா, இல்லை உங்களை வீடியோ காலில் பேட்டி எடுத்திருந்தால் நீங்கள் சொன்ன பதில்களையா? கடிதம் ‘வேலை விவரத்தில் புரோகிராமிங் பற்றி எதுவும் இல்லை’ என்று சொல்கிறது, ஆனால் சிஓஎஸ்ஸில் மூன்றாவது வரியிலேயே அது இருக்கிறது என்றால், ரிவ்யூ போடலாம். கடிதம் ‘விண்ணப்பதாரர் தன் அன்றாட வேலையை விளக்க முடியவில்லை’ என்று சொல்லி, நீங்களும் உண்மையில் திக்கித் திணறியிருந்தால், ரிவ்யூ அதிகாரி உங்கள் பதற்றத்துக்காக முடிவை மாற்ற மாட்டார். பேட்டியில் சொன்னதைத் திரித்து எழுதியிருப்பதாக நீங்கள் நினைத்தால், அதன் எழுத்துப்படியைத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். கேட்டதற்கு ஒரு மாதம் அவகாசம் அவர்களுக்கு உண்டு, உங்களிடம் இருப்பதோ 28 நாள். அதனால் கேட்பதென்றால் இன்றே கேளுங்கள், வராவிட்டாலும் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த ‘வேலை உண்மையானதா’ வகை வழக்குகளில் முடிவு எப்படி வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதிகாரியின் மதிப்பீட்டுக்கு விதி நிறைய இடம் கொடுக்கிறது. கண்டிப்பாக ஜெயிக்கும் என்று சொல்பவர் உங்கள் கோப்பைப் படித்திருக்க மாட்டார்.

இன்னொன்று, இரண்டு காரணமும் விழ வேண்டும். வங்கிக் கணக்கு விஷயத்தில் நீங்கள் நூறு சதவீதம் சரி என்று நிரூபித்தாலும், வேலை பற்றிய சந்தேகம் அப்படியே நின்றால் மறுப்பும் நிற்கும். ரிவ்யூ முடிவில் பழைய காரணத்தைக் கைவிட்டுவிட்டுப் புதிதாக ஒரு காரணத்தைச் சேர்த்து மறுப்பைத் தொடரவும் அவர்களால் முடியும். அப்படிச் செய்தால் அந்தப் புதிய காரணத்தின் மீது மட்டும் இன்னொரு ரிவ்யூ போடலாம்.

உங்கள் கடிதத்தில் ‘ஏமாற்று’, ‘பொய்யான தகவல்’, ‘போலி ஆவணம்’ என்ற பொருளில் ஏதாவது ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று மட்டும் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள். இருந்தால் இதுவரை நான் எழுதிய லாப நட்டக் கணக்கெல்லாம் மாறிவிடும். ஏமாற்றினார் என்ற முடிவோடு விசா மறுக்கப்பட்டால் 10 ஆண்டு வரை யுகே விசாக்கள் மறுக்கப்படலாம். ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று எங்கே விண்ணப்பித்தாலும் முந்தைய மறுப்புகளைக் கேட்பார்கள். மறைத்தால் அதுவே அடுத்த ஏமாற்று ஆகிவிடும். இந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்கும் பொறுப்பு ஹோம் ஆஃபீஸுடையது. நான் சொன்ன புது ஆவண விதிவிலக்கும் இங்கேதான் கைகொடுக்கும்: பழைய கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழைப் போலி என்கிறார்கள் என்றால், அந்தக் கம்பெனியிடமிருந்து உறுதிக் கடிதம், சம்பளச் சீட்டு, பிஎஃப் பதிவு எல்லாம் சேர்த்து அனுப்பலாம். இப்படிப்பட்ட மறுப்பை எதிர்க்காமல் விட்டுவிட்டுப் புது விண்ணப்பம் போடுவது மிக மோசமான முடிவு. இதற்கு மட்டும் காசு செலவழித்து நல்ல வக்கீலைப் பிடியுங்கள்.

ஏமாற்று இல்லை, ஓட்டை உங்கள் பக்கம்தான் என்றால் மறு விண்ணப்பம். அதற்குத் தடைக்காலம் எதுவும் கிடையாது, நாளைக்கே போடலாம். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ரிவ்யூ நிலுவையில் இருக்கும்போது புது விண்ணப்பம் போட்டால் ரிவ்யூ வாபஸ் பெற்றதாகக் கருதிவிடுவார்கள். ‘ரெண்டையும் போட்டு வைப்போம், எது வருதோ வரட்டும்’ என்று ஏஜென்ட் சொன்னால் அவருக்கு விதி தெரியாது. அடுத்து, மறுக்கப்பட்ட விண்ணப்பத்தில் பயன்படுத்திய சிஓஎஸ்ஸை மறுபடி பயன்படுத்த முடியாது, ஸ்பான்சர் புதிது கொடுக்க வேண்டும். மூன்றாவது, புது விண்ணப்பத்துக்குப் புது விதி.

இந்த மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு ஒர்க்கர் வேலைகளுக்கான திறன் நிலையைப் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்திவிட்டார்கள், சில பட்டியல் வேலைகள் மட்டும் விலக்கு. பொதுச் சம்பள வரம்பு 38,700 பவுண்டிலிருந்து 41,700 ஆனது. 2026 ஜனவரி 8 முதல் புதிதாக வருபவர்களுக்கு ஆங்கிலத் தகுதியில் பி1 நிலை போதாது, அதற்கு மேலான பி2 நிலை வேண்டும். ரிவ்யூவில் உங்கள் பழைய விண்ணப்பத்தைத்தான் பார்க்கிறார்கள், அன்றைய விதிப்படி. எனவே பழைய விதியில் தகுதி இருந்து புது விதியில் இல்லாதவருக்கு, ரிவ்யூ ஒன்றுதான் கதவு. வாதம் சுமாராக இருந்தாலும் அவர் போட்டுப் பார்க்கலாம், இழக்கப் போவது 80 பவுண்டும் சில மாதங்களும்தான். இரண்டு விதியிலும் தகுதி உள்ளவருக்கு மறு விண்ணப்பமே பெரும்பாலும் வேகமான வழி. மறு விண்ணப்பத்துக்கு முன்னால் காசநோய்ச் சான்றிதழின் ஆறு மாத ஆயுள் முடிந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ் என்றால் அது யுகே விசாவுக்கென்றே நடத்தும் ‘யுகேவிஐ’ வகைதானா என்றும் பாருங்கள். சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு அதே மதிப்பெண்ணோடு மாட்டிக்கொள்பவர்கள் இன்னும் வருகிறார்கள்.

ஸ்பான்சர் நிறுவனத்தோடு வெளிப்படையாகப் பேசுங்கள். ரிவ்யூ போடுவதாக இருந்தால் அவர்கள் சிஓஎஸ்ஸை ரத்து செய்துவிடக் கூடாது. செய்தால் நீங்கள் ஜெயித்தும் பயனில்லை. வேலை தொடங்கும் தேதி தள்ளிப்போவதை அவர்கள் தங்கள் ஸ்பான்சர் கணக்கு வழியாகத் தெரிவிக்க வேண்டும். புது சிஓஎஸ் கொடுக்கத் தயங்கினால், விசா மறுக்கப்பட்டவருக்காக அவர்கள் அரசுக்குக் கட்டிய ஸ்கில்ஸ் சார்ஜ் என்ற கட்டணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்று நினைவூட்டுங்கள். சிறிய நிறுவனங்கள் பலவற்றுக்கு இது தெரிவதில்லை. உங்கள் பக்கம், விசாக் கட்டணம் போனது போனதுதான், ஆனால் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் கட்டிய மருத்துவக் கட்டணம் தானாகத் திரும்பி வரும். நிறுவனத்தின் ஸ்பான்சர் லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஹோம் ஆஃபீஸ் வெளியிடும் பொதுப் பட்டியலில் பாருங்கள். பெயர் காணாமல் போயிருந்தால், ரிவ்யூ, மறு விண்ணப்பம் இரண்டையும் மறந்துவிட்டு வேறு ஸ்பான்சர் தேட வேண்டியதுதான்.

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். சிஓஎஸ்ஸுக்கு என்று நீங்கள் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? ஸ்கில்ஸ் சார்ஜை ஊழியர் தலையில் கட்ட ஸ்பான்சருக்கு எப்போதுமே அனுமதி இல்லை. 2024 டிசம்பர் 31 முதல் வழங்கிய சிஓஎஸ்ஸின் கட்டணத்தையும் ஸ்கில்டு ஒர்க்கரிடம் வசூலிக்கக் கூடாது, மீறினால் லைசென்ஸே போகும். பல லட்சம் கொடுத்து வாங்கிய சிஓஎஸ் என்றால், அதிகாரிக்கு வந்த சந்தேகம் சரியாகவே இருக்கலாம். அப்போது ரிவ்யூ பற்றி யோசிப்பதை விட, அந்த வேலை அங்கே இருக்கிறதா என்று யோசிப்பது நல்லது.

மனு எழுதுவது என்று முடிவு செய்தால் சுருக்கமாக எழுதுங்கள். மறுப்புக் கடிதத்தின் வாக்கியம் ஒன்று, அது எந்த விதிக்கு முரண், அதைக் காட்டும் ஆவணம் உங்கள் விண்ணப்பத்தில் எந்தப் பக்கம். இப்படி ஒவ்வொரு காரணத்துக்கும். குடும்பக் கஷ்டம், வேலையை விட்டுவிட்ட கதை, யுகே மீதான மரியாதை எதுவும் வேண்டாம். அவற்றுக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் படிப்பவருக்கு இல்லை. ஏஜென்ட்கள் எழுதித் தரும் பத்துப் பக்க மனுக்களில் ஒன்பது பக்கம் இதுதான் இருக்கும்.

ரிவ்யூவும் தோற்றால் அடுத்து ஜுடிஷியல் ரிவ்யூ, அதாவது நீதிபதி செய்யும் மறுஆய்வு, இருக்கிறது. அப்பர் டிரிப்யூனல் என்ற மேல் தீர்ப்பாயத்தில், முடிவு வந்த மூன்று மாதத்துக்குள், தாமதமில்லாமல் போட வேண்டும். அங்கேயும் உங்களுக்கு விசா கொடுக்கலாமா என்று நீதிபதி பார்ப்பதில்லை, முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்ப்பார். ஜெயித்தாலும் கோப்பு மறுபடி ஹோம் ஆஃபீஸுக்கே போகும். தோற்றால் அவர்கள் செலவும் உங்கள் தலையில் விழலாம். ஆயிரக்கணக்கான பவுண்டு விவகாரம் என்பதால், ஏமாற்றுக் குற்றச்சாட்டு உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பது அபூர்வம்.

கேள்விக்குக் கீழே, ‘நான் யுகேயிலேயே இருக்கிறேன், எனக்கும் இதே விதியா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குச் சில வரி. உள்ளே இருந்து விண்ணப்பித்தவருக்கு ரிவ்யூ அவகாசம் 28 நாள் இல்லை, 14 நாள். பழைய விசா முடியும் முன்பே விண்ணப்பித்திருந்தால், ரிவ்யூ நிலுவையில் இருக்கும் வரை பழைய விசாவின் நிபந்தனைகளோடு தங்கும் உரிமை தொடரும். ரிவ்யூவும் தோற்றால் அடுத்த 14 நாளுக்குள் புது விண்ணப்பம் போட ஒரு சிறிய சலுகை உண்டு. தங்கும் உரிமை முடிந்ததிலிருந்தே அது ஓவர்ஸ்டே, அதாவது அனுமதியில்லாத தங்கல்தான்; அந்த 14 நாளுக்குள் விண்ணப்பித்தால் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். அவர் பொதுவெளியில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

யாரைப் பார்ப்பது என்றால், யுகேயில் குடிவரவு ஆலோசனை தருபவர் சொலிசிட்டர், பாரிஸ்டர் போன்ற பதிவு பெற்ற வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை அதன் பெயர் ஓஐஎஸ்சி. இந்தப் பட்டியல்கள் ஆன்லைனில் இருக்கின்றன, பெயரைப் போட்டுத் தேடலாம். உங்கள் ஏஜென்ட் கோவையில் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு அவரைத் தொடாது, தவறு செய்தால் நீங்கள் அங்கே புகார் கொடுக்கவும் முடியாது. பதிவு பெற்ற ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்து, மறுப்புக் கடிதம், சிஓஎஸ் பிடிஎஃப், நீங்கள் அப்லோட் செய்த ஆவணங்கள் மூன்றையும் காட்டி, ‘இதில் அலுவலகத் தவறு இருக்கிறதா’ என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் 80 பவுண்டும் மிச்சம். எச்ஆரிடம் சிஓஎஸ் வாங்கியதும், செலவை ஏற்கும் அந்த உறுதி அதில் இருக்கிறதா என்று இங்கே எழுதுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், சிஓஎஸ் எண் எதையும் போடாதீர்கள்.